வெறுங்கையோடு கூவியவன்

கோதண்டபாணி ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார விருத்தாசலத்தில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் சுடாத பீங்கான் சாமானைச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லாப் பட்டறைக்காரர்களும் அவனைத்தான் தேடுவார்கள். மனுஷனை அலறவைக்கிற வண்டியில் மண்கோப்பை எப்படி அலுங்காமல் போகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்குக் கோதண்டத்திடம் பதில் தயாராக இருக்கும்.

"கோப்ப பயப்படாது. மனுசன் பயந்துகிட்டு அப்பிடி இப்பிடி ஆடுவான். உடையறது அதனாலதான்."

தன் பெருமையைத் தானே பேசுவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை. பேசியதைச் செய்தும் காட்டிவிடுவான் என்பதால் ஊரும் பொறுத்துக்கொண்டது.

அறுபதுகளில் பீங்கான் பேட்டையில் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோப்பை, ஜாடி, பொம்மை, கரண்டுக்கான ப்யூஸ் கட்டை என்று எதையெதையோ அச்சில் வார்த்தார்கள். வார்ப்பது அவரவர் கொட்டகையில். சுடுவதற்கு எல்லோரும் பொதுச் சூளைக்குத்தான் வரவேண்டும். வார்த்துக் காயவைத்து, இன்னும் சுடாமல் இருக்கிற சாமானுக்கு அங்கே பச்சை என்று பேர். நகம் பட்டாலே விளிம்பு உதிர்ந்துவிடும். ஆறடிப் பலகையில் நாற்பது கோப்பைகளை அடுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, கொட்டகைகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான சந்து வழியாகச் சூளைக்கு நடக்கவேண்டும். சுமக்கிறவனால் சட்டென்று நிற்க முடியாது, ஒதுங்க முடியாது. அதனால் "பச்ச வருது!" என்று கூவிக்கொண்டே போவான். அந்தக் குரல் கேட்டால் எதிரில் வருகிறவர் பட்டறை முதலாளியே ஆனாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். பழகின ஆளுக்கு யோசனையே தேவைப்படாது, கால் தானாக ஒதுங்கிவிடும்.

இந்தக் கூவலை வெறுங்கையோடு யாரும் கூவக்கூடாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எவனாவது கூவி வழி வாங்கிப் பார்த்தால், "கையில என்னா?" என்று கேட்பார்கள். அந்தப் பேட்டையில் அதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. திருடன் என்று சொன்னால்கூடச் சண்டைக்குப் போகலாம், இதற்குப் பதிலே சொல்ல முடியாது.

கோதண்டத்திடம் பழைய புல்லட் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு பெட்டி கட்டி, அதில் வைக்கோல் பரப்பி, ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைகளிலிருந்து பச்சையை ஏற்றி வருவான். வந்ததைப் பலகையில் அடுக்கி, சந்து வழியாகச் சூளைக்குச் சுமப்பதும் அவனேதான். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவனுடைய இரண்டு கைகளுக்கும் தெரியும். பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைப்பான், குறைத்தது தெரியாமலே கூட்டுவான். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் எவரும் இல்லை. உடைந்தால் அவன் கூலியில் பிடித்தார்கள், அதனால் கற்றுக்கொண்டான்.

சூளையில் சாமான் அடுக்குகிறவன் அமீனுதீன், மங்கலம்பேட்டைக்காரன். கோதண்டத்தின் வயதுதான். தினமும் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளில் வருவான். ஒருநாள் காலை கோதண்டம் பெட்டியைக் கழற்றிவிட்டு அவனுக்காக ரோட்டில் காத்திருந்து, முந்திக்கொண்டு பேட்டைக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் அமீன் முந்தினான். அப்புறம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி முந்தியதில் ரோட்டோரக் கோழிகள் குறைந்ததே தவிர அவர்கள் வேகம் குறையவில்லை. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மதியச் சோற்றை ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்பார்கள்.

அறுபத்தெட்டில் இருவரும் மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்துக்குப் போனார்கள். யுத்தகாலத்து விமானத் தளத்தில் தார் டிரம்மையும் வைக்கோல் கட்டையும் வைத்து வளைவு காட்டி, வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் நடத்துவார்கள். மோட்டார் கம்பெனி பிள்ளைகளும், பெங்களூர், கோயமுத்தூர் ஆட்களும் தோல் சட்டை போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் நம்ம கோதண்டம் சணல் சாக்கை முழங்காலில் கட்டிக்கொண்டு நின்றான். முதல் வருஷம் ஏழாவதாக வந்தான். இரண்டாவது வருஷம் அவன்மேல் மூன்று புகார்.

புகார் எல்லாம் ஒன்றேதான். இடிக்கிறான், முழங்கையால் தள்ளுகிறான், வளைவில் உள்ளே புகுந்து வெளியே விரட்டுகிறான். பந்தயக் கமிட்டி அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. கோதண்டம் கைகட்டி நிற்கவில்லை.

"ஐயா, வளைவுல அவரு உள்பக்கம் இடம் வுட்டாரு. நான் போனேன். என் முன்சக்கரம் அவரு முன்சக்கரத்துக்கு முன்னாடி இருந்துச்சா இல்லியா, கேளுங்க. அவரு கண்ணால என்னப் பாத்தாரா இல்லியா, அதையும் கேளுங்க. பாத்தாரு. பாத்தும் வந்தாரு, இடிபட்டாரு."

வளைவில் நின்ற கொடிக்காரரைக் கேட்டார்கள். அவன் சொன்னதே சரி என்றார். மூன்று புகாரும் தள்ளுபடி. அன்றிலிருந்து முட்டுக் கோதண்டம் என்று பேர் விழுந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லி அவன் சிரித்தான். அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. முட்டுவது தப்பில்லை, எதிராளிக்குத் தெரிந்து முட்டவேண்டும். பந்தயத்துக்கு வந்தவன் முட்டு வாங்க வந்தவன்தான். ஏமாற வந்தவன் இல்லை. இதை அவன் டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருப்பான். கேட்டவர்களுக்கு அலுத்துப்போனாலும் அதில் குற்றம் சொல்ல யாருக்கும் இடமில்லை.

எழுபத்திரண்டில் யோகம் கதவைத் தட்டியது. மெட்ராஸ் வண்டிக் கம்பெனி ஒன்று பந்தயத்துக்கென்றே மாசச் சம்பளத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ள நினைத்தது. வண்டி அவர்களுடையது, டயர் அவர்களுடையது, பெங்களூருக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் செலவு அவர்களுடையது. வேலை ஓட்டுவது மட்டும்தான். கம்பெனி மேனேஜர் பார்த்துப் பார்த்துக் கடைசியில் நிறுத்தியது இரண்டு பேரை. இரண்டும் விருத்தாசலத்துப் பேட்டை ஆள், கோதண்டமும் அமீனும். ஒரே மாதிரி இரண்டு வண்டி கொடுத்தார். சோழவரத்தில் இந்த இரண்டில் எது முன்னால் வருகிறதோ அந்த ஆளுக்கு வேலை. அடுத்தவன் பேட்டைக்குத் திரும்பவேண்டியதுதான்.

"வுட்டுக் குடுக்க மாட்டேன் மச்சான்" என்றான் கோதண்டம்.

"வுட்டா நான் வாங்கவும் மாட்டேன்" என்றான் அமீன்.

அந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் வெகுநாள் பேசினார்கள். பதினைந்து சுற்று. எட்டாவது சுற்றிலிருந்து அவர்கள் இரண்டு பேர்தான் முன்னால். கோதண்டம் முழங்கையால் ஒன்று கொடுத்தான். அமீன் தோளால் திருப்பிக் கொடுத்தான். ஒருமுறை இரண்டு வண்டியின் கால்மிதியும் உரசிப் பொறி பறந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கோதண்டத்துக்கு அவ்வளவு சந்தோஷமாக எந்தப் பந்தயமும் இருந்ததில்லை. ஆனால் அமீன் முன்னாலேயே இருந்தான். எந்த வளைவிலும் உள்பக்கத்தை ஒரு சாண்கூட விடவில்லை.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. டிரம்மைச் சுற்றி முழுசாகத் திரும்பவேண்டிய இடம். இருவரும் ஆக்ஸிலேட்டரை மூடினார்கள். இரைச்சல் அடங்கி இஞ்சின் மெல்லப் படபடத்த அந்த ஒரு நொடியில், அமீனின் பின்சக்கரத்தை ஒட்டி வந்த கோதண்டம் வாயைத் திறந்தான்.

"பச்ச வருது!"

அமீனின் வண்டி ஒரு கை அகலம் வெளியே ஒதுங்கியது. பத்து வருஷம் சந்தில் ஒதுங்கிப் பழகிய உடம்பு. கோதண்டம் உள்ளே புகுந்தான். அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தான்.

மாலை போட்டார்கள். மேனேஜர் கையைக் குலுக்கி, மாசக் கடைசிக்குள் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். கமிட்டித் தலைவர், மூன்று புகாரிலும் அவனை விசாரித்த அதே ஆள், தேடிவந்து முதுகில் தட்டினார். "கடைசி வளைவுலதான்யா நீ நாகரிகமா ஓட்டினே. உரசாம, இடிக்காம, எவ்வளவு சுத்தமா முந்தினே!"

கோதண்டம் கமிட்டியிடம் வாங்கிய முதல் பாராட்டு அது. கேட்டுக்கொண்டே அவன் கூட்டத்தில் அமீனைத் தேடினான்.

அமீன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. வண்டியைக் கம்பெனி ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். கோதண்டத்தை நேராகப் பார்த்தான்.

"கையில என்னா?" என்று கேட்டான். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டான்.

ரயிலில் வரும்போது கோதண்டம் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தான். பழக்கதோஷம், வாய் தானாக வந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் கூவக்கூடாது என்று எழுதவில்லை. கூவியதற்கு ஒதுங்கியது அமீன் தப்பு. செங்கல்பட்டு வரைக்கும் வாதம் நன்றாகத்தான் இருந்தது. விழுப்புரம் வருவதற்குள் அவனுக்கே புளித்துவிட்டது. தானாக வரவில்லை. டிரம்மைப் பார்த்தபோதே அவன் மனசில் அது வந்துவிட்டது. அமீன் ஒதுங்குவான் என்று தெரிந்துதான் கூவினான்.

அவன் பெண்டாட்டி பாஞ்சாலை ப்யூஸ் கட்டைக்குப் பிசிறு சுரண்டுகிறவள். வாயும் அப்படித்தான், சுரண்டாமல் விடாது. வீட்டுக்கு வந்தவன் மாலையைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"ஏன்யா, ஜெயிச்சிட்டு வந்தவன் மூஞ்சி இப்பிடியா இருக்கும்?"

அவளிடம் மட்டும் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்றும் நினைத்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. "நாளைக்குப் பலவ தூக்கிகிட்டு எந்த வாயால கூவுவ?" என்றாள்.

மறுநாள் அந்த வாயாலேயே கூவவேண்டியிருந்தது. தோளில் நாற்பது கோப்பை. சந்தில் எதிரே அமீன் வந்தான். கோதண்டத்தின் குரல் பாதியில் இறங்கியது. அமீன் ஒதுங்கினான். சுவரில் முதுகு படிய, முகத்தில் ஒன்றும் இல்லாமல், பலகை கடந்து போகும்வரை நின்றான். பச்சை பச்சைதான், அதைத் தூக்கி வருகிறவன் யாராக இருந்தால் என்ன. அமீன் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் கோதண்டம் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

வெட்கப்பட்டு மூலையில் உட்கார அவனுக்குத் தெரியாது. மெட்ராஸுக்குக் கிளம்பினான். கமிட்டித் தலைவரைப் பார்த்து, தன்மேல் தானே புகார் கொடுத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இடிச்சியா?"

"இல்லீங்க."

"பாதைய வுட்டு வெளியே போனியா?"

"இல்லீங்க. கூவுனேன்."

"கூவினா என்னய்யா? பந்தயத்துல அவனவன் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டுப் போறான். அதுக்கெல்லாம் சட்டம் போட முடியுமா?"

பீங்கான் பேட்டை வழக்கத்தை அவன் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார், விதிப்புத்தகத்தைப் புரட்டினார், ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். நாலு வருஷமாக அந்தப் புத்தகத்தைக் காட்டியே தப்பித்தவனுக்கு இப்போது அதே புத்தகத்தில் ஒரு தண்டனை கிடைக்கவில்லை. மேனேஜரிடம் போனான். அவருக்கு இதெல்லாம் தலைவலி. "நீ கையெழுத்துப் போடலேன்னா ரெண்டாவதா வந்தவன் போடட்டும். எனக்கு மாசக் கடைசிக்குள்ள ஒரு ஆள் வேணும்" என்றார்.

ஊருக்கு வந்து அமீனிடம் சொன்னான். அமீன் முதன்முறையாகக் கோபப்பட்டான்.

"நீ வேணாம்னு வச்சத நான் எடுத்துக்கணுமா? பிச்ச போடுறியா மச்சான்? வாங்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்."

"பிச்ச இல்லடா. அது என்னுது இல்ல."

"யாரு சொன்னா? பந்தயக் கமிட்டி உன்னுதுன்னுது. கம்பெனி உன்னுதுன்னுது. நீ மட்டும் சொன்னா அது தர்மம் பண்றதுதான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுக்கொடுத்தவன் பெரிய மனுஷன் ஆகிவிடுவான், வாங்கினவன் காலத்துக்கும் தலைகுனியவேண்டும். கோதண்டம் அன்று பூராவும் வண்டியைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். அது தன்னுடையது இல்லை என்று வேறு யாராவது சொல்லவேண்டும். சொல்ல அதிகாரம் உள்ளவர்கள் சோழவரத்தில் இல்லை. அவன் தினமும் வேலை செய்கிற இடத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் சூளையைத் திறக்கும் நேரம். பட்டறை ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சூளை மேஸ்திரி சாமிக்கண்ணு வாசலை அடைத்திருந்த செங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் நடுமுற்றத்தில் வந்து நின்று, சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில் பேசினான்.

"மேஸ்திரி, எல்லாரும் கேட்டுக்குங்க. கடசி வளைவுல நான் வெறுங்கையோட பச்ச வருதுன்னு கூவுனேன். அமீனு ஒதுங்கினான். அப்பிடித்தான் ஜெயிச்சேன். வாய் தவறிக் கூவல, தெரிஞ்சே கூவுனேன். பேட்டையில கூவுனா என்னா உண்டோ அது எனக்கு உண்டு."

நேற்றுவரை ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தவன் என்று அவனைத் தூக்கிவைத்துப் பேசியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாரியம்மாள் என்கிற பொம்மைப் பட்டறைக்காரி, "அட பாவி, அங்க போயுமா அந்த வார்த்தைய வித்த?" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

சாமிக்கண்ணு மேஸ்திரி கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார். அவருக்குச் சோழவரம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் இந்த வழக்கு தெரியும்.

"எங்க கூவுனாலும் கூவல் ஒண்ணுதான். வெறுங்கையில வாங்குன வழி வழி இல்ல. அது அமீனு வழி, முன்னால வந்தது அமீனுதான். உனக்கு ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, இந்தப் பேட்டையில ஒருத்தரும் ஒதுங்க மாட்டாங்க. பச்சயோட வந்தாலும்தான். ஒடஞ்சா உன் கூலி."

"சரிங்க மேஸ்திரி" என்றான் கோதண்டம். தலையைக் குனியாமல்தான் சொன்னான்.

அமீன் சூளை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். சாயங்காலம் அவனே தேடிவந்து, மாசக் கடைசியில் மெட்ராஸ் போவதாகச் சொன்னான். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோதண்டத்துக்கு அதுதான் பிடித்திருந்தது. தீர்ப்பில் கிடைத்ததற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

தண்டனை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. சந்தில் எதிரே ஆள் வந்தால் கோதண்டம் பலகையோடு நின்று, அவர்கள் உரசிக்கொண்டு போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பட்டறைப் பெண்கள் வேண்டுமென்றே நின்று கதை பேசினார்கள். பாஞ்சாலையும் ஒதுங்கவில்லை. புருஷன் தோள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நிதானமாகக் கடந்து போனாள். ராத்திரி அதே தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். முதல் வாரத்தில் பதினொரு கோப்பை உடைந்தது. அவன் சுமந்த பலகையில் ஒரே வாரத்தில் அத்தனை உடைந்ததே இல்லை.

அமீன் மெட்ராஸ் போவதற்கு முந்தின நாள். சந்தின் மிக ஒடுங்கிய இடம், ப்யூஸ் கட்டைக் கொட்டகையின் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். அங்கே ஒருத்தர் உரசிக்கொண்டு போகவும் இடம் கிடையாது. யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும். கோதண்டம் நாற்பது கோப்பையோடு பாதிச் சந்தைத் தாண்டி வந்துவிட்டான். எதிரில் அமீன் வந்தான், வெறுங்கையோடு.

இரண்டு பேரும் நின்றார்கள். கொட்டகை ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அமீனுக்குப் பின்னால் நாலே எட்டில் சந்து முடிந்து வெளி. கோதண்டத்துக்குப் பின்னால் நாற்பது எட்டு. அமீனின் கால் ஒருதரம் அசைந்தது, பழைய பழக்கம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலைத் தரையில் ஊன்றினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒதுங்கினால் தீர்ப்பு விளையாட்டாகிவிடும். தீர்ப்பு விளையாட்டானால் நாளைக்கு அவன் ரயிலேறப் போகும் வேலை பிச்சையாகிவிடும்.

கோதண்டத்துக்கு அது புரிந்தது. சோழவரத்தில் எந்தக் கொம்பனுக்கும் ஒரு சாண் வழிவிடாத முட்டுக் கோதண்டம் இடதுகாலைப் பின்னால் எடுத்துவைத்தான். அப்புறம் வலதுகால். திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் பலகை சாயும். குதிகாலால் தரையைத் தடவித் தடவி, கல்லுக்குக் கல் நிதானித்து, பின்னாலேயே போனான். அவன் ஒரு எட்டு வைக்க அமீன் ஒரு எட்டு வைத்தான். தோளிலிருந்து வேர்வை முழங்கைக்கு ஓடியது. ஜன்னல் தலைகள் கூடவே திரும்பின.

நாற்பது எட்டும் முடிந்து சந்து வாசல் வந்ததும் அமீன் அவனைக் கடந்து வெளியே இறங்கி நின்றான். திரும்பி வந்து, பலகையில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினான். நாற்பதும் முழுசாக இருந்தன.

"பாத்துக்க மச்சான்," என்றான் கோதண்டம், மூச்சு வாங்க. "பின்னால ஓட்டுற பந்தயம் வச்சாலும் நான்தான் மொதலு."